வாசகர் கேள்விகள்: பிறந்தநாள் பயணம், கூடவே உக்ரைனில் தொண்டு

போர் நடக்கிற நாட்டுப் பக்கம் போய்ப் பிறந்தநாளா என்று முகம் சுளிப்பவர்களும், அவ்வளவு தூரம் போகிறோம், நாலு நாள் கைகொடுத்துவிட்டு வரலாமே என்று நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் வகையினரின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

*

கே: வரும் ஜூனில் எனக்கு 40 வயது. போலந்தின் கிராக்கோவ் நகரில் தோழிகளோடு கொண்டாடத் திட்டம். அங்கிருந்து உக்ரைனின் லிவிவ் பக்கம்தானே? நாலைந்து நாள் தொண்டு செய்யப் போனால் அவர்களுக்கு உதவியா, உபத்திரவமா? (வாசகி, லண்டன்)

ப: அது நீங்கள் எடுத்துக்கொள்ளும் வேலையைப் பொறுத்தது. அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, நீங்கள் எழுந்து போனதும் இன்னொருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து தொடரக்கூடிய வேலை என்றால் நாலு நாளும் பயன்தான். காய் நறுக்குவது, படையினரையும் வண்டிகளையும் எதிரி கண்ணுக்கு மறைக்கும் உருமறைப்பு வலை பின்னுவது, மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது எல்லாம் இந்த வகை. இடம்பெயர்ந்த குழந்தைகளோடு விளையாடும் வேலையைக் கேட்காதீர்கள். ஒட்டிக்கொண்ட முகம் ஐந்தாம் நாள் காணாமல் போவது அந்தக் குழந்தைக்கு நல்லதல்ல.

லிவிவில் தன்னார்வலர் சமையற்கூடங்கள் உண்டு. லிவிவ் வாலண்டியர் கிச்சன் அவற்றில் பேர்போனது. வெளிநாட்டார் நிறையப் பேர் வந்து போகும் இடம். போர்முனையில் இருப்பவர்களுக்கு, காய்ந்த போர்ஷ் (பீட்ரூட் சூப்) போன்ற உலர் உணவுப் பொட்டலங்கள் அங்கே தயாராகின்றன. சுடுநீர் ஊற்றினால் சாப்பாடு. பீட்ரூட்டில் கிட்டத்தட்ட எட்டில் ஏழு பங்கு தண்ணீர். பத்து கிலோ காய்ந்தால் ஒன்றரை கிலோகூடத் தேறாது. சுமப்பவருக்கு அதுதான் லாபம். புதிதாக வருபவர்கள் தவறு செய்வது நறுக்கும் அளவில். ஒரே தட்டில் மெல்லியதும் தடித்ததும் கலந்தால் மெல்லியது மொறுமொறுவென்று ஆகும்போது தடித்த துண்டின் நடுவில் ஈரம் நிற்கும். பொட்டலத்தை ஒட்டிய பிறகு அந்த ஈரம் மற்றதற்கும் பரவி மொத்தமும் பூசணம் பிடிக்கும். வேகமாக நறுக்குபவரைவிட ஒரே அளவில் நறுக்குபவருக்குத்தான் அங்கே மதிப்பு. மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், பீட்ரூட் கறை பட்டால் கவலைப்படாத உடையில் போங்கள்.

நாட்களைப் பிரிப்பதில் ஒரு யோசனை. பிறந்தநாளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைக்காதீர்கள், கடைசியில் வையுங்கள். எல்லையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் உக்ரைனிலிருந்து வெளியே வரும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே எப்படியும் இரண்டு இரவு விட்டாக வேண்டும். அந்த இரண்டு நாளும் கிராக்கோவில் சும்மா கழிவதற்குப் பதில் கொண்டாட்ட நாளாகட்டும். பத்து நாள் விடுப்பில் போக இரண்டு, லிவிவில் ஐந்து, திரும்ப ஒன்று, கொண்டாட இரண்டு என்று கணக்கு சரியாக வரும். ரயில் தாமதமானால் கேக் ஒரு நாள் தள்ளிப்போகும், விமானம் தப்பாது.

முதல் வேலையாக அமைப்புக்கு எழுதி, அந்தத் தேதிகளில் ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். தங்குமிடம் பெரும்பாலும் உங்கள் செலவு. பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

*

கே: விமானம் உண்டா? விசா எப்படி? என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், கணவரிடம் இந்தியப் பாஸ்போர்ட்.

ப: விமானம் இல்லை. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. கிராக்கோவிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் எல்லை ஊரான ப்ஷெமிஷ்ல். அங்கே உக்ரைன் ரயிலுக்கு மாற வேண்டும். போலந்தின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், உக்ரைனில் 1,520. அதனால் அகலப்பாதை வந்து நிற்கும் தனி நடைமேடைக்குப் போக வேண்டும்; அதற்குள் நுழையும் முன்பே போலந்து காவலர்கள் பாஸ்போர்ட் பார்ப்பார்கள். கடைசி நிமிடத்தில் ஓடிப்போய் ஏறலாம் என்பது நடக்காது, ஒரு மணி நேரம் முன்னதாக நில்லுங்கள். லிவிவ் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். உக்ரைன் கடிகாரம் போலந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இதைக் கவனிக்காமல் திரும்பும் ரயிலைத் தவறவிடுபவர்கள் உண்டு.

டிக்கெட்டை உக்ரைன் ரயில்வேயான உக்ர்சலிஸ்னித்ஸியாவின் செயலியில் வாங்கலாம். விற்பனை திறந்ததுமே எல்லை தாண்டும் ரயில்கள் நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் பேருந்து உண்டு, அல்லது மெடிகா எல்லைச்சாவடியில் நடந்தே கடந்து அந்தப்பக்கம் ஷெஹினியில் வண்டி பிடிக்கலாம். திரும்பும்போது ப்ஷெமிஷ்ல் நிலையத்தில் பாஸ்போர்ட் வரிசை இரண்டு மூன்று மணி நேரம்கூட இழுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருள் கொண்டுவரத் தடை. ஆசையாய் வாங்கிய பாலாடைக்கட்டி அங்கேயே குப்பைத்தொட்டிக்குப் போகும்.

உங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள் வரை உக்ரைனுக்கு விசா வேண்டாம். கணவருக்கு உக்ரைன் விசா முன்கூட்டியே வேண்டும். அதைவிட முக்கியம் போலந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கன் விசா. போலந்தில் இறங்கி, உக்ரைனுக்குள் போய், மறுபடி போலந்துக்கு வருவது ஷெங்கனுக்குள் இரண்டு நுழைவு. ஒருமுறை நுழைவு விசாவில் போனால் திரும்பும்போது எல்லையில் மாட்டிக்கொள்வார். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு என்று கேட்கச் சொல்லுங்கள்.

*

கே: உருமறைப்பு வலை பின்னுவது என்கிறார்களே, பின்னல் தெரியாதவர்கள் செய்ய முடியுமா?

ப: ஸ்வெட்டர் பின்னுவது போன்றது அல்ல இது. மரச்சட்டத்தில் மீன்வலை மாதிரி ஒரு வலை இழுத்துக் கட்டியிருக்கும். விரல் அகல, இரண்டு விரல் அகலத் துணிக்கீற்றுகளைக் கண்ணிகளுக்குள் மேலும் கீழுமாக நுழைத்து நாலைந்து கண்ணிக்கு ஒருமுறை திசை மாற்றி, முனையில் முடிச்சுப் போட வேண்டும். பழக்கடையில் பை முடியத் தெரிந்த கை போதும்.

கெடுப்பது ஒழுங்குதான். நேர்வரிசையாக, கோலம் போட்ட மாதிரி அழகாகப் பின்னினால் மேலேயிருந்து பார்க்கும் டிரோனுக்கு அது சட்டென்று தெரியும், இயற்கையில் நேர்கோடு கிடையாது. கீற்றை அதிகமாக இழுத்தால் வலை சுருங்கி, சட்டத்திலிருந்து கழற்றியதும் படகு மாதிரி வளையும். பளபளக்கும் சேலைத் துணி, சாட்டின் எதுவும் ஆகாது. தண்ணீரை அதிகம் உறிஞ்சும் துணியும் ஆகாது, மழையில் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், தாங்கும் கம்பு ஒடியும். நிறம் பருவத்துக்கேற்ப மாறும்: பனிக்கு வெள்ளை, கோடைக்குப் பச்சை, இலையுதிர் காலத்துக்குப் பழுப்பு. எந்த நிறத்தை எவ்வளவு கலப்பது என்று அங்கே ஒரு பாட்டி சொல்வார். அவர் சொன்னபடி செய்யுங்கள், நம் ரசனையைக் காட்ட வேண்டாம்.

*

கே: இரவில் சைரன் ஒலித்தால்?

ப: ஊர் மேற்கில் இருந்தாலும் ஏவுகணை வரும். லிவிவும் அடிவாங்கிய ஊர்தான். விடுதி எடுக்கும்போதே பதுங்குமிடம் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். அவர்கள் சொல் ‘உக்ரித்தியா’. வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலியைப் போனில் ஏற்றி, நீங்கள் இருக்கும் மாகாணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரஷ்யாவின் மிக்-31கே விமானம் கிளம்பினாலே செயலியின் வரைபடத்தில் நாடு முழுக்கச் சிவப்பாகும், அது கின்ஜால் ஏவுகணை சுமப்பது.

கீழே இறங்க நேரமில்லை என்றால் இரண்டு சுவர் விதி: உங்களுக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே இரண்டு சுவர் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் முதல் சுவர் அதிர்வை வாங்கும், இரண்டாவது சுவர் சிதறும் கண்ணாடியையும் துண்டுகளையும் தடுக்கும். ஜன்னல் இல்லாத உள் நடைவழி இதற்குப் பொருத்தம். குளியலறை என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள், ஓடுகளும் கண்ணாடியும் அங்கேதான் அதிகம் தெறிக்கும். மின்தூக்கியில் ஏறாதீர்கள். செருப்பு அல்ல, ஷூவைக் கட்டிலோரம் வைத்துத் தூங்குங்கள். தரையெல்லாம் கண்ணாடி கிடக்கும்போது வெறுங்காலோடு எங்கே ஓடுவது?

லிவிவிலும் கீவிலும் ஊரடங்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை. ரயில் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தால் நிலையத்திலேயே விடியும்வரை உட்காருங்கள். வேறு மாகாணங்களில் நேரம் மாறும்.

*

கே: பயணக் காப்பீடு வழக்கமானதே போதாதா?

ப: போதாது. வழக்கமான பாலிசிகளில் போர் விலக்கு என்று ஒரு பத்தி இருக்கும். உங்கள் அரசு போகாதே என்று எச்சரித்த பகுதிக்குப் போனால் கால் சுளுக்குக்குக்கூடப் பணம் தரமாட்டார்கள். போர்ச் சேதத்தையும் சேர்க்கும் பாலிசிகள் தனியாக விற்கின்றன, உக்ரைன் நிறுவனங்களும் வெளிநாட்டாருக்குத் தருகின்றன. தரைவழியாக வெளியே கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். விமானத்தில் கொண்டுவருவதாக மட்டும் எழுதியிருந்தால் அங்கே அதற்கு அர்த்தமில்லை.

*

கே: பெட்டியில் இடம் இருக்கிறது. பழைய துணி கொண்டுபோகலாமா?

ப: வேண்டாம். அதைப் பிரித்து அடுக்க இன்னும் இரண்டு பேர் உட்கார வேண்டும். அமைப்பு கொடுக்கும் பட்டியலில் உள்ளதை மட்டும் எடுத்துப்போங்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே கேட்டால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். மலிவுப் போலிகளில் முறுக்கும் குச்சி அழுத்தத்தில் வளையும் அல்லது ஒடியும். உங்களுக்காக ஒரு பவர்பேங்க்: 20,000 மில்லியாம்பியர்மணி என்றால் ஏறக்குறைய 74 வாட்மணி, விமானத்தில் கைப்பையில் வைக்க 100 வரை தடையில்லை. மின்வெட்டில் அட்டை இயந்திரமும் தூங்கும், உக்ரைன் நாணயமான ஹிரிவ்னியா கொஞ்சம் ரொக்கமாக இருக்கட்டும்.

*

கே: எனக்கு முதலுதவி தெரியும். நாலு நாளில் கிழக்கே கார்கிவ் நகருக்குப் போய், போர்முனைக்கு அருகே உதவ ஆசை.

ப: ஆசையை விடுங்கள். வழி தெரியாத, மொழி தெரியாத ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் வேலையை விட்டு வர வேண்டியிருக்கும். விடுவிக்கப்பட்ட கிராமங்களில் இடிபாடு அகற்றும் வேலைக்குக்கூட கண்ணிவெடி நீக்கிய இடத்துக்கு மட்டும், ஒருங்கிணைப்பாளரோடு போங்கள். பி.எஃப்.எம்-1 என்ற இதழ்வடிவ வெடி 75 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கும், உதிர்ந்த இலை மாதிரி புல்லில் கிடக்கும். நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

*

கே: படம் எடுத்துப் பதிவு போடலாமா?

ப: சோதனைச் சாவடி, சீருடைக்காரர்கள், வான் பாதுகாப்பு சுடுவது, குண்டு விழுந்த இடம் எதையும் எடுக்காதீர்கள். படைகளின் இருப்பிடத்தைப் பரப்புவது 2022 மார்ச் முதல் அங்கே குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. சமையற்கூடத்தில் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பீட்ரூட் நறுக்கும் அம்மாவின் மகன் எங்கே இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாது.

*

கே: தேதி ஒத்துவராமல் பிறந்தநாளே லிவிவில் விழுந்துவிட்டால்?

ப: அன்றைக்கும் வேலைக்குப் போங்கள், கேக்கோடு. அங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு வாங்கித்தருவது வழக்கம். முந்தின நாளே யாரும் வாழ்த்தவில்லையே என்று வருந்தாதீர்கள், முன்கூட்டி வாழ்த்துவது அபசகுனம் என்பார்கள். பூ வாங்குவதானால் ஒற்றைப்படை எண்ணிக்கை, இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. பலூன் வேண்டாம், அது வெடிக்கும் சத்தத்துக்கு யார் எப்படித் திடுக்கிடுவார்களோ. காலை 9 மணிக்கு நாடெங்கும் ஒரு நிமிட மௌனம், கையில் கத்தி இருந்தால் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள்.

பரிசுக்குப் பதில் நிதி என்பது அங்கே இப்போது சாதாரணம். உக்ரைன் வங்கியான மோனோபேங்க்கின் செயலியில் ‘பான்கா’ அதாவது ஜாடி என்று ஒன்றைத் திறந்து, பிறந்தநாளுக்கு இன்ன பொருள் வாங்க இவ்வளவு வேண்டும் என்று நண்பர்களிடம் சுட்டி அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து நீங்கள் அதையே செய்வதானால், 2022 மே மாதம் தொடங்கிய, உக்ரைன் அரசின் நிதி திரட்டும் யுனைடெட்24 தளத்துக்கோ, நீங்கள் வேலை செய்த சமையற்கூடத்துக்கோ நண்பர்களை நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கணக்கில் வாங்கி மாற்றிவிடுவதில் வங்கிக் கேள்விகள் வரும், நட்புக்குள்ளும் வரும்.