கூடைப்பந்தின் ஆல்டைம் தரவரிசையில், அதாவது எல்லாக் காலத்திலும் சிறந்த வீரர் யார் என்ற பட்டியலில், சக வீரர்களுக்கு எவ்வளவு பங்கு?

நிறையவே. தரவரிசை போடும்போது முதலில் பார்ப்பது எத்தனை சாம்பியன்ஷிப் என்பதைத்தான், அதை யாரும் தனியாக ஜெயிப்பதில்லை. களத்தில் ஒரு அணிக்கு 5 பேர்தான். மற்ற நால்வரும் பந்தைக் கூடைக்குள் போட முடியாதவர்கள் என்றால் எதிரணி இரண்டு மூன்று பேராக நட்சத்திர வீரரைச் சூழ்ந்துகொள்ளும். ஜோடி மாடு நொண்டினால், இன்னொரு மாடு எவ்வளவு முரட்டுக் காளையாக இருந்தாலும் வண்டி ஊர் போய்ச் சேராது.

அமெரிக்காவின் NBA லீக்கில் ஆடிய வில்ட் சேம்பர்லேனைப் பாருங்கள். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார், இன்றுவரை யாரும் கிட்டக்கூட வரவில்லை, ஆனாலும் பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) பில் ரஸ்ஸல் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம், தொடரின் கடைசியான 7வது ஆட்டத்தில் தோற்றுப்போனார். ரஸ்ஸல் பக்கம் பாப் கூசி, சாம் ஜோன்ஸ் என்று ஒரு பட்டாளமே இருந்தது. அப்புறம் 1967இல் சேம்பர்லேனுக்கு ஹால் கிரீர், செட் வாக்கர் போன்றவர்கள் கூட இருக்க, அவர் சராசரி 24 புள்ளிதான், கோப்பை வந்துவிட்டது! அதே ஆள்தான்.

கடைசியில் ரஸ்ஸலுக்கு 11 கோப்பை, சேம்பர்லேனுக்கு 2. வெறும் இந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் யார் பெரியவர் என்று முடிவு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அப்படியானால் ரஸ்ஸல் மற்றவர்கள் முதுகில் சவாரி செய்தவரா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை, அவர் வருவதற்கு முன் செல்டிக்ஸ் ஒரு கோப்பைகூட வென்றதில்லை, 1969இல் அவர் ஓய்வுபெற்றதும் அடுத்த சீசனில் அந்த அணி பிளேஆஃபுக்கே போகவில்லை.