வலிப்பு மாத்திரை ஜீனை மாத்திடுமா? கல்யாணத்துக்கு முன்னாடி நிறுத்திடலாமா?

"தங்கச்சிக்கு பல வருஷமா வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோயேட் போகுது, இப்ப கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு, அந்த மாத்திரை ஜீனையே மாத்திடும், பொறக்கற குழந்தைக்கு ஆகாதுன்னு சொந்தத்துல சொல்றாங்க, இப்பவே நிறுத்திடலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா வலிப்பு விடாம தொடர்ந்து வர்ற நிலைமைக்குப் போகலாம், அது உயிருக்கே ஆபத்து.

ஆனா சொந்தக்காரங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு. ஜீன்ல இருக்கற எழுத்தை இந்த மருந்து மாத்தறதில்ல, எந்த ஜீன் வேலை செய்யணும்ங்கறதுல கை வைக்குது. ஒவ்வொரு செல்லுலயும் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ (ஜீன்லாம் இருக்கறது இதுலதான்), ஹிஸ்டோன்ங்கற புரதத்து மேல நூல்கண்டு மாதிரி சுத்தியிருக்கு. ஹிஸ்டோன்ல லைசின்னு ஒரு அமினோ அமிலம், அதுக்கு பாசிட்டிவ் சார்ஜ், டிஎன்ஏவுக்கு நெகட்டிவ், அதனால இறுக்கிப் பிடிச்சுக்கும், அந்த லைசின் மேல அசிட்டைல்னு ஒரு சின்ன கெமிக்கல் வந்து உக்காந்துச்சுன்னா சார்ஜ் போயி பிடி தளர்ந்து அந்த இடத்து ஜீன் வேலைக்கு தயாராயிடும். அசிட்டைலைக் கழட்டறதுக்குன்னே சில என்சைம் இருக்கு. வால்ப்ரோயேட் அந்த என்சைமைத் தடுக்குதுன்னு 2001ல தெரிஞ்சுது, அதனால மூடியிருக்க வேண்டிய ஜீனும் திறந்தே இருக்கலாம்.

கருவுல ஒவ்வொரு ஜீனும் நேரத்துக்கு திறந்து நேரத்துக்கு மூடணும். அதுல குழப்பம் வர்றது பாதிப்புக்கு ஒரு முக்கிய காரணம்னு கருதறாங்க. வயித்துல இருக்கும்போது இந்த மருந்து பட்ட குழந்தைகள்ல 100க்கு சுமார் 10 பேருக்கு பிறவிக்குறை, அதுல முதுகுத்தண்டு சரியா மூடாததும் ஒண்ணு, 30-40 பேருக்கு பேச்சு, கவனம், படிப்புல பின்தங்கல். டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடும். முதுகுத் தண்டுவடம் ஆகப்போற குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும், அதாவது நாள் தள்ளிப்போச்சேன்னு டெஸ்ட் பண்ணி டாக்டர்கிட்ட ஓடறதுக்குள்ள அந்தக் கட்டமே முடிஞ்சிருக்கலாம்.

அதனால இப்பவே நியூராலஜிஸ்ட்ட (நரம்பு டாக்டர்) கூட்டிட்டுப் போங்க, கல்யாண தேதியையும் சொல்லுங்க. லெவெடிராசிட்டம், லாமோட்ரிஜின் மாதிரி மருந்துக்கு மெல்ல மாத்த முடியுமான்னு பாப்பாங்க, அதுக்கு மாசக்கணக்குல ஆகலாம், அதுவரைக்கும் கர்ப்பம் ஆகாம பாத்துக்கணும், ஃபோலிக் ஆசிட் எவ்வளவுன்னு கேட்டு முன்னாடியே ஆரம்பிக்கணும். சிலருக்கு வால்ப்ரோயேட்ல மட்டும்தான் வலிப்பு அடங்கும், அப்போ எந்த டோஸ்ல வெக்கறதுங்கறதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்க. மறைச்சு வெச்சா ஒளிஞ்சு ஒளிஞ்சு மாத்திரை போட வேண்டியிருக்கும், நடுவுல நாள் விட்டுப்போகும், பல பேருக்கு வலிப்பு திரும்ப வர்றது அப்படித்தான்.