சம்பளத்தில் பிடிக்கும் சங்கச் சந்தா: நிறுத்தலாமா?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மாதாமாதம் தொழிற்சங்கச் சந்தா என்று 9 வெள்ளி பிடிக்கிறார்கள். சந்தா கட்டாத சக ஊழியருக்கும் எனக்கும் ஒரே சம்பள உயர்வு, ஒரே போனஸ்தான். நான் ஏன் கட்ட வேண்டும்? நிறுத்தச் சொன்னால் கம்பெனி மறுக்குமா?

பதில்: முதலில் சம்பளச் சீட்டை எடுத்து அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். நம் ஆட்களுக்கு இதில் அடிக்கடி குழப்பம் வரும், ஏனென்றால் இந்தியச் சமூகத்துக்கு உதவும் சிண்டா அமைப்பின் நிதிக்கான பிடித்தமும் அதே சீட்டில்தான் இருக்கும். சம்பளம் 2,500 வெள்ளிக்கு மேல் 4,500 வரை என்றால் சிண்டாவுக்கு 7 வெள்ளி. அதற்கு மேல் 7,500 வரை 9 வெள்ளி. நீங்கள் சொல்லும் அதே தொகை! சிண்டா பிடித்தம் வேண்டாம் என்றால் அதற்குத் தனிப் படிவம் உண்டு, அதற்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை. பிடித்தங்களைத் தனித்தனியாகக் காட்டும் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் முதலாளியின் கடமை. எல்லாவற்றையும் ஒரே வரியில் மொத்தமாகப் போட்டிருந்தால், பிரித்துத் தரும்படி எச்ஆரிடம் கேளுங்கள்.

சரி, அது சங்கச் சந்தாவேதான் என்று வைத்துக்கொள்வோம். சங்கத்தில் சேருவதும் விலகுவதும் உங்கள் விருப்பம். எழுத்தில் நீங்கள் கொடுத்த சம்மதத்தின் பேரில்தான் பிடிக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் அந்தப் படிவமும் இருந்திருக்கலாம். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் எச்ஆரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். சங்கத்துக்கு ஒரு விலகல் கடிதம் எழுதி, அதன் நகலை எச்ஆருக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் பிடித்தம் நின்றாலும் சங்கப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும், பாக்கியும் ஏறிக்கொண்டே போகலாம்.

இனி உங்கள் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். சந்தா கட்டாதவருக்கும் அதே உயர்வு கிடைப்பது எரிச்சலான விஷயம்தான். ஆனால் அந்த உயர்வு எங்கிருந்து வந்தது? சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து. அது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 3 ஆண்டு செல்லும். தொழில் நடுவர் நீதிமன்றத்தில் பதிவானதும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பேசும் உரிமை சங்கத்துக்குச் சும்மா வந்துவிடவில்லை. ஊழியர்களில் பெரும்பான்மையினர் உறுப்பினர் என்று காட்டித்தான் அங்கீகாரம் பெற முடியும். முதலாளி சந்தேகப்பட்டால் ரகசிய வாக்கெடுப்புகூட நடக்கும். உங்கள் 9 வெள்ளியோடு அந்தக் கணக்கிலிருந்து ஒரு தலையும் குறைகிறது. என்னைக் கேட்டால், நிறுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன். சங்க உறுப்பினருக்குக் கிடைக்கும் பேரங்காடித் தள்ளுபடியை வைத்துச் சந்தாவுக்கு லாப நட்டம் பார்ப்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள்.

கூட்டு ஒப்பந்தம் எல்லாருக்கும் பொது என்றாலும், தனிப்பட்ட தகராறு என்று வரும்போது உறுப்பினருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஓவர்டைம் பணம் வரவில்லை, சம்பளம் பாக்கி என்று வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குத் தனியாகப் போனால் கேட்கக்கூடிய உச்சத் தொகை 20,000 வெள்ளி. சங்கத்தின் துணையோடு, அரசு, முதலாளி, சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு சமரச வழியில் போனால் 30,000. வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்ட பிறகு 6 மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். சேருவதற்கு முன்பே தொடங்கிய வழக்கைச் சங்கங்கள் பொதுவாக எடுப்பதில்லை.

சந்தா எங்கே போகிறது என்பதுதான் கவலை என்றால், விலகத் தேவையில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கிளைச் செயலாளரிடம் கேளுங்கள், ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. கம்பெனி மாறினால் சம்பளப் பிடித்தம் தானாக நின்றுவிடும். புது இடத்தில் சங்கம் இல்லை என்றால், பொதுக் கிளை உறுப்பினராக (கம்பெனியைச் சாராத தனி உறுப்பினராக) மாற்றிக்கொண்டு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ மூலம் கட்டலாம். கடைசிச் சம்பளம் வருவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.