ஒன்பது டாலர் நியாயமா?

கேள்வி: நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்குள் கார் நுழைந்தாலே நெரிசல் கட்டணம் என்று 9 டாலர் வாங்குகிறார்களாமே! பணக்காரனுக்கு அது டீக்காசு. அடி விழுவது ஏழைக்குத்தானே?

பதில்: முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் போகிறார்கள், கார்க்காரர் சிறுபான்மை, சராசரியாக வருமானமும் அவர்களுக்குத்தான் கூடுதல். 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் 60ஆவது தெருவிலும் அதற்குத் தெற்கேயும் மட்டும் வசூலாகும் இந்தப் பணம் சுரங்க ரயில், பஸ் மேம்பாட்டுக்குப் போகிறது. சும்மா விட்டிருந்த காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? காரில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவர் அடைத்த சாலையில், பஸ்ஸுக்குள் நசுங்கி நின்ற ஐம்பது பேர் தங்கள் நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதை யாரும் கட்டணம் என்று சொல்லவில்லை.

சரி, ரயில் நிலையமே பக்கத்தில் இல்லாத துப்புரவுத் தொழிலாளி என்ன செய்வார்? இரவில் 2.25 டாலர்தான். பகலில், குறைந்த வருமானக்காரருக்கு மாதத்தில் முதல் பத்து முறைக்கு அப்புறம் பாதிக் கட்டணம். அந்தப் பத்து முறை ஏன் முழுசாகக் கட்ட வேண்டும் என்பது எனக்கு விளங்கவே இல்லை, முதல் நாளே குறைத்திருக்கலாம்.

சிங்கப்பூர் 1975இல் இப்படி ஒரு நெரிசல் கட்டணத்தைத் தொடங்கியபோது நாலு பேர் ஏறிய காருக்குக் கட்டணமே இல்லை. உடனே கார்க்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள்! பின்னாளில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.