கைப்பற்றிய கணினியைத் திறந்து பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இணையக் குற்றத்தில் சிக்கியவரின் மடிக்கணினி கையில் இருக்கும்போது, உடனே திறந்து பார்க்காமல் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு ஏன் காத்திருக்கிறார்கள்?

பதில்: திறந்து பார்ப்பதுதான் அங்கே செய்யக்கூடாத முதல் காரியம். கணினியை இயக்கிய மாத்திரத்தில், விசைப்பலகையை யாரும் தொடாவிட்டாலும், அது பதிவேடுகளில் புதிய வரிகளை எழுதுகிறது, தற்காலிகக் கோப்புகளை உருவாக்குகிறது, பழைய கோப்புகள் சிலவற்றின் தேதிகளையும் மாற்றிவிடுகிறது. கைப்பற்றிய நாளுக்குப் பிந்தைய தேதி ஒரே ஒரு கோப்பில் இருந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைச் சும்மா விடமாட்டார்.

ஆகவே ஆய்வாளர் தகவல் சேமிக்கப்பட்டிருக்கும் வட்டைத் தனியே கழற்றி, எழுதும் கட்டளை எதையும் உள்ளே விடாத ‘ரைட் பிளாக்கர்’ என்னும் கருவியின் வழியாக இணைத்து, கோப்புகளோடு காலியாகத் தோன்றும் பகுதிகளையும் சேர்த்துப் பிட் பிட்டாக நகலெடுக்கிறார். பிறகு மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் விரல்ரேகை போன்ற ஒரு குறியீட்டை, கணக்கிடுகிறார். அதைக் கணக்கிடும் முறைகளில் ஒன்றான எஸ்.எச்.ஏ.-256-இல், வட்டு எவ்வளவு பெரியதானாலும் விடை 64 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். உள்ளே ஒரு பிட் மாறினால் விடையே அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இரண்டு விடைகளும் ஒத்திருந்தால்தான் ஆய்வு தொடங்கும், அதுவும் நகலில் மட்டுமே. ஒரே ஹாஷ் மதிப்பைத் தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று எம்.டி.5 முறைக்கு 2004-இலும், எஸ்.எச்.ஏ.-1 முறைக்கு 2017-இலும் ஆராய்ச்சியாளர்கள் செய்துகாட்டிவிட்டதால், அவற்றில் ஒன்றை மட்டும் நம்பி அறிக்கை எழுதுவது இன்று பொருத்தமல்ல என்பது என் கருத்து.

இவற்றோடு, வட்டு யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில், எதற்காகப் போனது என்பதும் இடைவெளியின்றி எழுதப்பட வேண்டும். பொத்தானை அழுத்தியதும் குற்றவாளியின் முகம் திரையில் தோன்றும் திரைப்படக் காட்சிகளில் இந்த எழுத்து வேலையை யாரும் காட்டுவதில்லை. வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: அழித்த கோப்பு உண்மையிலேயே திரும்பக் கிடைக்குமா?

பதில்: பழைய வகை வன்தட்டு என்றால் பெரும்பாலும் கிடைக்கும். அங்கே அழிப்பது என்பது, அந்த இடத்தை வேறு கோப்புக்குத் தரலாம் என்று குறித்துவைப்பதுதான். மேலே வேறொன்று எழுதப்படும்வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும். கோப்பின் பெயரே தொலைந்துபோனாலும், ஜேபெக் படம் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில்தான் தொடங்கும் என்பது தெரிந்திருப்பதால், வட்டு முழுவதையும் துழாவி அதை மீட்க முடியும்.

அமெரிக்காவின் விச்சிட்டா நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் 10 பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 2005-இல் பிடிபட்டதற்கு வழிவிட்டது, அவரே அனுப்பிய பிளாப்பி வட்டு. அதில் அழிக்கப்பட்டிருந்த ஒரு வேர்ட் கோப்பின் உள்விவரங்களில் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் ஒரு தேவாலயத்தின் பெயரும் எஞ்சியிருந்தன. ஆயினும் காவல்துறை அதோடு நிற்காமல், மரபணுச் சோதனையால் உறுதிசெய்த பின்னரே அவரைக் கைதுசெய்தது.

சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வட்டில் இந்த நம்பிக்கை குறைவு. எந்தப் பகுதிகள் இனி தேவையில்லை என்று கணினி தெரிவிக்கும் ‘டிரிம்’ கட்டளை வந்ததும் வட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு, அழிக்கப்பட்ட பகுதிகளைத் தானாகவே வெறுமையாக்கத் தொடங்கிவிடுகிறது. மின்சாரம் இருக்கும்வரை, ரைட் பிளாக்கர் பொருத்தியிருந்தாலும் அந்த வேலை உள்ளே நடக்கக்கூடும்.

கேள்வி: இயங்கிக்கொண்டிருக்கும் கணினியை உடனே நிறுத்திவிடுவதுதானே பாதுகாப்பு?

பதில்: எப்போதும் அல்ல. தற்காலிக நினைவகத்தில் (ரேம்) இருக்கும் கடவுச்சொற்கள், குறியாக்கத் திறவிகள், நடப்பிலுள்ள இணைய இணைப்புகள் ஆகியவை மின்சாரம் போனதும் மறைந்துவிடும். விரைவில் மறையக்கூடியதையே முதலில் சேகரிக்க வேண்டும் என்று 2002-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3227 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் வழிகாட்டுகிறது. ‘சில்க் ரோடு’ என்னும் இணையக் கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்டை 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நூலகம் ஒன்றில் பிடித்தபோது, அவர் மடிக்கணினியை மூடிவிடக்கூடாது என்பதற்காகவே, பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் சண்டையிடுவதுபோல் நடித்து அவர் கவனத்தைத் திருப்பினார்கள். அந்தத் தளத்தின் நிர்வாகியாக உள்நுழைந்த நிலையிலேயே அந்தக் கணினி அதிகாரிகளின் கைக்கு வந்தது. கைப்பேசிக்கும் இதே கவலை உண்டு. தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை வந்து சேராமலிருக்க, அலைகளைத் தடுக்கும் ஃபாரடே பையில் அதை வைக்கிறார்கள்.

கேள்வி: ஐ.பி. முகவரி தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாமா?

பதில்: இணையத்தில் ஓர் இணைப்புக்குத் தரப்படும் எண்தான் ஐ.பி. முகவரி; அது இணைப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது. கைப்பேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வதால், அவர்களின் தொடர்புகளைப் பிரித்துக்காட்டும் போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும், அது எந்த நேர மண்டலத்தில் பதிவானது என்பதும் சேர்ந்து வேண்டும்.

கேள்வி: ஏமாற்றும் மின்னஞ்சலின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதுமா?

பதில்: போதாது. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியும் அனுப்புநர் பெயரை யாரும் போலியாக எழுதிவிடலாம். அஞ்சல் கடந்துவந்த சர்வர்களின் விவரம், பொதுவாகக் கண்ணுக்குத் தெரியாத தலைப்புப் பகுதியில் (ஹெடர்) இருக்கிறது. அதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். மோசடிக்காரர் சில வரிகளைத் தாமே புகுத்தியிருக்கக்கூடும் என்றாலும், உங்கள் அஞ்சல் நிறுவனத்தின் சர்வர் சேர்த்த வரியை அவரால் மாற்ற முடியாது. ஆகவே அஞ்சலை அழிக்காமலும் வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்யாமலும் மூலவடிவில் தரவிறக்கி ஒப்படையுங்கள்.