போஷ்ட்யான் செசரின் ஆட்ட வாழ்க்கை: கேள்வி பதில்

ஸ்லோவேனியத் தேசியக் கால்பந்து அணியின் மையத் தற்காப்பாளராகவும் தலைவராகவும் விளங்கிய போஷ்ட்யான் செசரைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள்: தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை அரை நிமிடக் காணொளித் துணுக்கைக் கொண்டு எடை போடாதீர்கள்.

கேள்வி: இவரைப் பற்றி அதிகம் அறியாதவர்களுக்காக, அவருடைய ஆட்ட வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1982ஆம் ஆண்டு லியுப்லியானாவில் பிறந்த செசர், குரோவேஷியாவின் டினாமோ சாக்ரெப் கழகத்தில் வளர்ந்து, 2005இல் பிரான்சின் மார்செய் கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து ஒரு பருவத்துக்கு இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2007–08 பருவத்தில் அந்த அணி இரண்டாம் நிலைப் போட்டியான சாம்பியன்ஷிப்பை வென்று பிரீமியர் லீகுக்கு உயர்ந்தது. அடுத்துச் சேர்ந்த கிரெனோபிள் கழகத்தில் அவர் கண்டது நேர் எதிரான அனுபவம். 2009–10 பருவத்தின் முதல் பதினொரு லீக் ஆட்டங்களிலும் அந்தக் கழகம் தொடர்ச்சியாகத் தோற்று, இறுதியில் கீழ்நிலைக்கு இறங்கியது. 2010இல் இத்தாலியின் வெரோனா நகரைச் சேர்ந்த கியேவோவில் இணைந்தவர், 2019 வரை அங்கேயே ஆடினார். தேசிய அணிக்காக 2003 முதல் 2018 வரை 101 ஆட்டங்கள், 10 கோல்கள். ஸ்லோவேனியாவுக்காக நூறு ஆட்டங்களை எட்டிய முதல் வீரர் அவரே.

கேள்வி: 2010 உலகக் கோப்பையில் இத்தாலியைத் தோற்கடித்த அணியில் இவர் இருந்தாரா?

இல்லை. இத்தாலியை வென்றது ஸ்லோவாக்கியா. அந்தத் தொடரில் ஸ்லோவேனியா இங்கிலாந்து, அமெரிக்கா, அல்ஜீரியா ஆகியவற்றுடன் வேறொரு பிரிவில் இருந்தது. ஸ்லோவேனியாவும் ஸ்லோவாக்கியாவும் ஒரே தகுதிச்சுற்றுப் பிரிவில் மோதின என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மரிபோரில் 2–1, பிராட்டிஸ்லாவாவில் 2–0 என இரண்டு ஆட்டங்களிலும் ஸ்லோவேனியாவே வென்றது. ஆயினும் 22 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தது ஸ்லோவாக்கியா.

கேள்வி: இருபது இலட்சம் மக்களே கொண்ட நாடு உலகக் கோப்பைக்கு எப்படித் தகுதி பெற்றது? அதில் செசரின் பங்கு என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பயிற்சியாளர் மத்யாஷ் கெக்கிடம் நட்சத்திர வீரர்கள் அதிகம் இல்லை; ஆகவே 4-4-2 அமைப்பில், நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகளுக்கும் இடையே வெளி விடாமல், பந்து இருக்கும் பக்கமாக அனைவரும் சேர்ந்து நகரும் ஆட்டத்தைப் பழக்கினார். கோல்காப்பாளர் சமீர் ஹண்டனோவிச். வலப்புறம் மிஷோ பிரெச்கோ, இடப்புறம் போயான் யோகிச், நடுவில் மார்கோ ஷூலரும் செசரும். உயரப் பந்துகளை முட்டித் தள்ளுவதும், எதிரணியின் முதன்மைத் தாக்குதல்காரரோடு உடலால் மோதி அவரைத் திரும்ப விடாமல் தடுப்பதும் செசரின் பணிகள். அவர் முன்னேறும்போதெல்லாம் ஷூலர் பின்வாங்கி இடத்தை அடைத்தார். செக் குடியரசு, போலந்து, ஸ்லோவாக்கியா, வட அயர்லாந்து ஆகியவை இருந்த பிரிவில் பத்து ஆட்டங்களில் ஸ்லோவேனியா வாங்கிய கோல்கள் நான்கு மட்டுமே.

பிரிவில் இரண்டாமிடம் பெற்றதால் ரஷ்யாவுடன் தகுதிகாண் ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. மாஸ்கோவில் 2–0 எனப் பின்தங்கிய நிலையில், 88ஆம் நிமிடத்தில் பெச்னிக் அடித்த ஒரு கோல் நம்பிக்கையைக் காத்தது. 2009 நவம்பர் 18 அன்று மரிபோரில் தெதிச் ஒரு கோல் அடிக்க, மொத்தக் கணக்கு 2–2 எனச் சமனாகி, சமனானால் வெளியூரில் கூடுதல் கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற அன்றைய விதிப்படி ஸ்லோவேனியா தகுதி பெற்றது. அன்று ரஷ்யா ஒரு கோல் போட்டிருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டாம் பாதி முழுவதும் அந்த ஒரு கோலைத் தராமல் இருந்ததுதான் தற்காப்பு வரிசையின் சாதனை. இதைத் துணுக்குக் காணொளிகளில் காண முடியாது, ஏனென்றால் அங்கே காட்டுவதற்கு எதுவும் நடக்கவில்லை.

கேள்வி: ஆனால் அமெரிக்காவுக்கு எதிரான 2010 உலகக் கோப்பை ஆட்டத்தில் அமெரிக்க வீரர் டானவன் அடித்த முதல் கோலுக்குச் செசர்தானே காரணம்? காணொளியில் தெளிவாகத் தெரிகிறதே.

தெரிகிறது. 48ஆம் நிமிடத்தில் வலப்பக்கம் வந்த நீண்ட பந்தைச் சறுக்கித் தடுக்க முயன்று தவறவிட்டார். டானவன் உள்ளே ஓடி, ஹண்டனோவிச்சின் தலைக்கு மேலாக வலைக் கூரைக்குள் பந்தை அறைந்தார். தவறு செசருடையதுதான். அந்த ஒரு தவறைக் கொண்டு பதினைந்து ஆண்டுகளை அளப்பதையே நான் ஏற்கவில்லை.

கேள்வி: அதே ஆட்டத்தில் அமெரிக்க வீரர் எடு அடித்த கோலை நடுவர் ரத்து செய்தது ஸ்லோவேனியாவுக்குக் கிடைத்த சலுகை அல்லவா?

2–2 என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது, ஃப்ரீ கிக்கிலிருந்து மாரிஸ் எடு அடித்த கோலை மாலி நாட்டு நடுவர் கோமன் கூலிபாலி ரத்து செய்தார். மறு ஒளிபரப்பில், ஸ்லோவேனிய வீரர்களே அமெரிக்கர்களைப் பிடித்திழுப்பது தெரிகிறது. அந்தக் கோல் செல்லத்தக்கது என்பதே என் கருத்து.

கேள்வி: அப்படியானால் ஸ்லோவேனியா பெற்ற அந்தப் புள்ளிக்கே தகுதி இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

முடிவுகளை மாற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். இறுதியில் அமெரிக்கா 5, இங்கிலாந்து 5, ஸ்லோவேனியா 4, அல்ஜீரியா 1. எடுவின் கோல் ஏற்கப்பட்டு மற்ற முடிவுகள் அப்படியே இருந்திருந்தால் அமெரிக்கா 7, இங்கிலாந்து 5, ஸ்லோவேனியா 3, அல்ஜீரியா 1. வரிசை மாறவே இல்லை. அடுத்த சுற்றுக்குப் போனவர்களும் அவர்களே.

கேள்வி: இது வெறும் கணக்கு. கோல் ஏற்கப்பட்டிருந்தால் கடைசி ஆட்டங்களையே அவர்கள் வேறு விதமாக ஆடியிருப்பார்களே?

நியாயமான மறுப்பு, இதை ஏற்கிறேன். நான்கு புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்ததால், இங்கிலாந்துக்கு எதிராகச் சமன் செய்தாலே போதும் என்ற நிலையில் ஸ்லோவேனியா இறங்கியது. அந்த நிலை அவர்களைத் தயங்க வைத்தது என்றே நினைக்கிறேன். 23ஆம் நிமிடத்தில் மில்னர் அனுப்பிய பந்தில் இங்கிலாந்தின் டிஃபோ ஷூலரை முந்தி கோல் அடித்த பின்பும், நெடுநேரம் அவர்கள் முழு வேகத்தில் தாக்கவில்லை. அந்தத் தோல்வியோடுகூட அடுத்த சுற்றுக்குப் போயிருப்பார்கள். மற்ற ஆட்டத்தின் 91ஆம் நிமிடத்தில் அல்ஜீரியாவுக்கு எதிராக டானவன் அடித்த கோல்தான் அவர்களை வெளியேற்றியது. ஆகவே, நடுவரால் பிழைத்தார்கள் என்போர் அடுத்த ஐந்து நாள்களில் நடந்ததையும் சேர்த்தே பேச வேண்டும்.

கேள்வி: தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பத்து கோல்கள் எப்படிக் கிடைத்தன?

பெரும்பாலும் கார்னர், ஃப்ரீ கிக் வாய்ப்புகளில் முன்னேறிச் சென்றதால். 2015 நவம்பரில் யூரோ எனப்படும் ஐரோப்பியக் கோப்பையின் தகுதிகாண் ஆட்டத்தில் உக்ரைனுக்கு எதிராக மரிபோரில் 11ஆம் நிமிடத்திலேயே கோல் அடித்தார். முதல் ஆட்டத்தில் 2–0 எனத் தோற்றிருந்ததால் அது போதவில்லை. 2016 செப்டம்பரில் லித்துவேனியாவில் 2–0 எனப் பின்தங்கியிருந்த ஆட்டத்தைக் கூடுதல் நிமிடங்களில் 2–2 எனச் சமனாக்கியதும் அவர்தான்.

கேள்வி: ஸ்லோவாக்கியாவின் ஹம்ஷிக்குடன் இவர் ஆடியது எந்த ஆண்டு?

மேலே இரண்டாம் பதிலைப் படிக்கவும். இவை வெவ்வேறு நாடுகள்.

கேள்வி: கியேவோவில் அவருடைய ஊதியம் எவ்வளவு?

அது என் துறை அல்ல.

கேள்வி: நூறாவது ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டாராமே?

ஆம். 2017 அக்டோபரில் லியுப்லியானாவில் ஸ்காட்லாந்துடன் 2–2 எனச் சமனான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. 2018 மார்ச்சில் பெலாரூசுக்கு எதிராக ஆடி விடைபெற்றார். அந்தச் சிவப்பு அட்டையின் துணுக்கும் பரவலாகச் சுற்றுகிறது. தொடக்கத்தில் வைத்த வேண்டுகோள் அதற்கும் பொருந்தும்.

கேள்வி: எடுவின் கோலைப் பற்றி உங்கள் கருத்து?

மூன்று பதில்களில் சொல்லிவிட்டேன். இனி அதற்கு இங்கே பதில் இல்லை.

கேள்வி: இன்றைய அணியில் அவருடைய இடத்தை நிரப்புபவர் யார்?

யாக்கா பியோல். 2024 யூரோவில் அவரும் வான்யா துர்குஷிச்சும் நடுவில் நின்றனர். அப்போது மீண்டும் கெக்கே பயிற்சியாளராக இருந்தார். டென்மார்க், செர்பியா, இங்கிலாந்து ஆகிய மூன்றோடும் சமன் செய்து, போர்த்துகலுக்கு எதிராக 120 நிமிடங்கள் கோல் விடாமல் ஆடி, பெனால்ட்டிகளில்தான் தோற்றார்கள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னேறுவதில் பியோல் செசரைவிடத் தேர்ந்தவர். எதிராளியோடு மோதி நிற்பதில் செசருக்கே முதலிடம் தருவேன்.