சித்திரை வெயிலில் வண்டி எடுக்கலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் திருநகர். சில வருடம் ஓசூரில் வேலை பார்த்துவிட்டு இந்த வருடம்தான் மதுரைக்கே திரும்பி வந்திருக்கிறேன். பங்குனியில் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையில் "மதுரைக்காரன் பைக் எடுக்க வேண்டிய மாதம் சித்திரை" என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பி, போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிளம்பி உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் வரை போய்விட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வாந்தி, தலைவலி. இரண்டு நாள் படுத்துவிட்டேன். அம்மா வண்டிச் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். "நாயே நிழலை விட்டு நகர மாட்டேங்குது, உனக்கென்னடா" என்கிறார்கள். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கோடையில் வண்டி ஓட்டுவதில் நிஜமாகவே சந்தோஷம் இருக்கிறதா, இல்லை எழுத்துக்காகச் சொன்னீர்களா? இருக்கிறதென்றால் எங்கே போவது, எப்படிப் போவது? கொடைக்கானல் மாதிரி மலைக்குப் போனால்தான் உண்டா?

அன்புடன்,
ச., திருநகர்

அன்புள்ள தம்பி,

முதலில் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? வாந்தி வரைக்கும் போயிருக்கிறது என்றால் அது லேசான விஷயம் இல்லை. இன்னும் ஒரு வாரத்துக்கு வெயிலில் நிற்காதீர்கள். அந்த வரியை எழுதியவன் நான். மாதத்தைச் சொன்னவன் மணியையும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உங்களிடமும் அம்மாவிடமும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எழுத்துக்காகச் சொன்னதில்லை. அதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

சித்திரையில் விடிகாலை நாலரை மணிக்கு அருப்புக்கோட்டை ரோட்டில் வலையங்குளம் பக்கம் போயிருக்கிறீர்களா? உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை. ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் இருட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சம் இடுப்பு உயரத்தில் அசைந்துகொண்டே இருக்கும். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கிறவர்கள். குனிந்து பறிப்பதால் வெளிச்சம் முழுக்கச் செடியில்தான் விழும், ஆள் தெரியாது, மொட்டைக் கிள்ளுகிற விரல் மட்டும் தெரியும். விரிவதற்கு முன்னால் மொட்டாகப் பறித்தால்தான் சந்தைக்கு ஆகும் என்பதால் அந்த நேரத்தில் வேலை நடக்கிறது. பறிக்காமல் தப்பிய முந்தின நாள் மொட்டெல்லாம் ராத்திரி விரிந்து, அந்த வாசம் காற்றில்லாத அந்த நேரத்தில் தரையோடு தரையாக அப்படியே நிற்கும். வண்டியை மெதுவாக விட்டு அதற்குள் போக வேண்டும். ஐந்து மணிக்கு மேல் ஈரச் சாக்கில் கட்டிய பூ மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு டிவிஎஸ் எக்ஸெல்கள் மாட்டுத்தாவணிக்குக் கிளம்பும். அதில் ஒரு வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் இது கிடையாது, பனிக்குச் செடி அதிகம் மொட்டு வைக்காது, அப்போதுதான் மல்லிகை கிலோ ஆயிரங்களில் போகும். மல்லிகை கொட்டுகிற காலம் கோடைதான்.

நான் சொல்ல வந்த சந்தோஷம் இந்த வகை. இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காரில் போகிறவர்களிடம் சொல்லிப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை.

கோடையில் பைக்கில் போகிறவனுக்கு ஊரின் வரைபடம் தோலில் தெரியும். கோச்சடையிலிருந்து துவரிமான், மேலக்கால் போகிற ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகள் இருக்கிற இடத்தில், விடியற்காலை ஆனாலும், நேற்றைய வெயிலைச் சுவர்கள் இன்னும் விட்டுக்கொண்டிருக்கும், முகத்தில் வெதுவெதுப்பு அடிக்கும். வீடுகள் முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் யாரோ கதவைத் திறந்த மாதிரி சட்டென்று குளிரும். மறுபடி ஒரு தரிசு, மறுபடி சூடு. மேலக்காலில் ஆற்றுப்பாலத்தில் ஏறினால் கீழே வைகை வெறும் மணல்தான், ஆனால் மணல் ராத்திரியில் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் பாலத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு குளிர்ச்சி ஓடும். அந்தப் பக்கம் திருவேடகம், அப்புறம் சோழவந்தான். அங்கே வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா நில்லுங்கள். அகத்தி மரத்தில் கொடியை ஏற்றி, நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டிருப்பார்கள். அதற்குள்ளிருந்து வருகிற காற்றுக்கு ஈரமும் காரமும் கலந்த ஒரு வாசம் உண்டு, வேறு எந்தத் தோட்டத்திலும் நான் அதை முகர்ந்ததில்லை. இதே ரோட்டில் நான் மார்கழியிலும் போயிருக்கிறேன். எல்லா இடமும் ஒரே குளிர், ஒன்றும் பிரிந்து தெரியாது. தோப்பு எது, தரிசு எது, கண்மாய்க் கரை எது என்று கண்ணை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கூடச் சொல்லிவிடலாம் என்கிற அளவுக்கு வித்தியாசம் தெரிவது சித்திரை, வைகாசியில் மட்டும்தான்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நம் தோலின் சூடு கிட்டத்தட்ட 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கிற வரைக்கும் வேகமாகப் போகப் போக உடம்பு ஆறும். சித்திரையில் பதினோரு மணிக்கே காற்று அந்த அளவைத் தாண்டிவிடும், மத்தியானம் நாற்பதைத் தொடும். அதற்கப்புறம் முகத்தில் அடிக்கிற காற்று சூட்டைக் கொண்டுவந்து உடம்பில் ஏற்றுகிறது. காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். ஆனால் ஓடுகிற வண்டியில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், சட்டை நனையாது, அதனால் நமக்கு வியர்க்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்கூட உடம்பை விட்டுப் போயிருக்கும், உப்போடு சேர்ந்து. நீங்கள் நாலரை மணி நேரம் போயிருக்கிறீர்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதவில்லை, ஒரு பாட்டில் என்று வைத்துக்கொண்டாலும் அது எந்த மூலைக்கு?

எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருடம் முன்னால் ஒரு வைகாசி மத்தியானம் மானாமதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அரைக்கைச் சட்டை. திருப்புவனம் தாண்டும்போது கையில் மயிர் சிலிர்த்து நின்றது, குளிர் எடுக்கிற மாதிரி உடம்பு நடுங்கியது. அந்த வெயிலில் குளிர்கிறதே, நல்லதுதான் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நல்லவேளை, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் நுங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்ததுமே "வண்டிய ஓரங்கட்டு" என்று சத்தம் போட்டார். நுங்கைத் தரவில்லை. முதலில் தன் குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார், அப்புறம் தூக்குவாளியில் அவர் கொண்டுவந்திருந்த நீச்சத்தண்ணியில், அதாவது பழைய சோற்றுத் தண்ணீரில், உப்பைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். ஒரு மணி நேரம் என்னை எழுந்திருக்க விடவில்லை. வெயிலில் உடம்பு சிலிர்த்தால், தலை சுற்றினால், வாய் குழறினால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. நிழல், ஈரத்துணி, உப்புப் போட்ட நீர். பேச்சு தடுமாறினால் நேராக ஆஸ்பத்திரி.

அவர் அன்றைக்குச் சொன்ன இன்னொன்று: "எங்களப் பாரு, கையத் தொறந்து போட்டுக்கிட்டா வேல பாக்குறோம்?" சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தார். வயலில் களை எடுக்கிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள், சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஏன் என்று அதுவரை யோசித்ததில்லை. சூட்டைத் தடுக்கிறது, வியர்வையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து மெதுவாகக் காயவிடுகிறது. அன்றிலிருந்து வெயிலில் வண்டி எடுத்தால் தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தில் நனைத்த துண்டு. ஹெல்மெட்டைப் புழுக்கத்துக்குப் பயந்து கழற்றி டேங்கில் மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. உள்ளே ஒரு ஈரக் கைக்குட்டையை மடித்து வைத்தால் போதும், போட்டிருப்பதே தெரியாது.

நேரம் ரொம்ப எளிது. காலை நாலரையிலிருந்து எட்டு வரை, மாலை ஐந்துக்கு மேல். கத்திரி தொடங்கிவிட்டால், அதாவது மே முதல் வாரத்திலிருந்து மாதக் கடைசி வரை, காலையில் ஏழரைக்கே வீட்டுக்குள் வந்துவிடுங்கள். அழகர் எப்படி வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். கோயிலிலிருந்து மதுரை 21 கிலோமீட்டர்தான். சாயங்காலம் கிளம்பி, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று, வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுக்க, தோப்பறை என்கிற தோல்பையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் குளிர வைக்க, ஆற்றில் இறங்குவது விடியற்காலையில். கோடையில் எப்படிப் பயணம் போக வேண்டும் என்று இந்த ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நானும் அரை மணிக்கொரு தடவை நிறுத்துவேன். தாகம் எடுத்து நிறுத்துவதில்லை, அதற்கு முன்னால். நீர்மோர், இளநீர், கம்பங்கூழ், வெள்ளரிப்பிஞ்சு எதுவானாலும் சரி. ஜிகர்தண்டாவுக்கு நான் எதிரி இல்லை, ஆனால் அது பாலும் சர்க்கரையும், வண்டியை விட்டபிறகு ராத்திரி குடிக்க வேண்டியது.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரில் காற்றைக் கிளம்புவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் இன்னும் சூடாகும். பெட்ரோலை மூடி வரை நிரப்பாதீர்கள். ரோட்டில் மூன்று விஷயம் கவனம்: நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருப்பார்கள், சாயங்காலம் வண்டு கண்ணில் அடிக்கும், கோடை மழையின் முதல் பத்து நிமிடம் ரோடு எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். இந்த மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். தூறல் போட்டதும் ஒரு டீக்கடையில் ஒதுங்குங்கள். மண் வாசனையை அங்கிருந்தே முழுசாக அனுபவிக்கலாம். இடி இருந்தால் தனி மரத்தடி வேண்டாம்.

கொடைக்கானலைக் கேட்டிருந்தீர்கள். 2024-லிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும், எடுத்தாலும் மே மாதத்தில் மலைப்பாதை முழுக்கக் கார் வரிசை, அதன் புகையில் நின்று நின்று போவதற்கு நான் கிளம்புவதில்லை. அதற்குப் பதில் சிறுமலை. திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலையில் இருட்டோடு போய்விடுங்கள், அந்தச் சாலையில் பார்க்க எதுவும் இல்லை, நின்றிருந்த மரங்களும் இப்போது இல்லை. அங்கிருந்து நத்தம் ரோட்டில் திரும்பி மலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்று புத்தகத்தில் படித்திருப்போம். இங்கே வளைவுக்கு வளைவு அது கழுத்தில் தெரியும். எட்டாவது, ஒன்பதாவது வளைவில் சட்டைப் பொத்தானைப் போடுவீர்கள், சித்திரை மாதத்தில்! மேலே சிறுமலை வாழைப்பழம் வாங்குங்கள், தோல் கறுத்துச் சுருங்கியதுதான் இனிக்கும். பத்து மணிக்குள் இறங்க முடியாது என்றால் நாலரை வரை மேலேயே இருந்துவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் விடுங்கள், பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

ஆனால் முதலில் சிறுமலை வேண்டாம். உடம்பு தேறட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் விடிகாலை, வலையங்குளம் வரைக்கும் மட்டும் போய்வாருங்கள். அம்மாவிடம் "ஆறரைக்கு வீட்டில் இருப்பேன்" என்று நேரத்தைச் சொல்லிச் சாவியைக் கேளுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். அவர்கள் பயந்தது மத்தியானத்துக்குத்தான். முடிந்தால் அவர்களையே பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போங்கள், மல்லிகை பறிக்கிற வெளிச்சத்தை அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். போய்வந்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்